தேய்மானம் அடங்காது

தலைக்கு மேல் தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
ஓஸ்டர்காம்ப் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்.
வூப்பர்டாலில் கார் விற்பவர்கள்
இரும்புக்கு வழிவிட்டுப் பேசப் பழகியவர்கள்.
எஞ்சினைக் கேட்க எங்களுக்கு
அடுத்த ரயில் வரும்வரை நாலு நிமிடம்.

கருநீல எஸ் கிளாஸ். ஒன்பது வயது.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்.
முன்பு வைத்திருந்தவர் ஒரு நொத்தாரிசு,
தனி ஆள், புகைக்காதவர், நாய் இல்லாதவர்.
முன்பெட்டிக்குள் அவர் மறந்துபோன
பெருஞ்சீரக மிட்டாய் ஒன்று, தாள் பிரிக்காமல்.
நான் எடுக்கவில்லை.
விலை இன்னும் முடியவில்லையே.

இவர் காரைச் சுற்றி வருகிறார்.
பதினொரு வருடம் கழுவுநிலையத்தில்
இந்த இனக் கார்களுக்கு ஈரம் துடைத்தவர்.
கதவின் மடிப்புகளைக் கண்மூடிச் சொல்வார்.
பொனெட்டுக்குக் கீழே இருப்பதை
அங்கே ஒருவரும் திறந்து காட்டியதில்லை.
இன்று திறந்திருக்கிறது.
அயலவரின் படுக்கையறைக்குள் தவறிப் போனவர்போல
இரண்டடி பின்னால் நிற்கிறார்.

மேசையில் மூன்று தாள்.
சட்டம் தருவது ஒன்று: ஒரு வருடம், காசில்லை.
அடுத்தது அறுநூற்றுத் தொண்ணூறு யூரோ,
எஞ்சினும் கியர்ப் பெட்டியும் மட்டும்.
கடைசி, இரண்டாயிரத்து நூற்றைம்பது,
மூன்று வருடம், காற்றுச் சஸ்பென்ஷன் வரை.
அதைத்தான் பேனை நுனியால்
என் பக்கம் தள்ளுகிறார் ஓஸ்டர்காம்ப்.

நான் பதினான்காம் பக்கத்துக்குப் போகிறேன்.
சின்ன எழுத்து வாசிக்கப் பழக்கியது இந்த நாடுதான்.
ஏழு வருடம், மூன்று மாதத்துக்கொரு முத்திரை,
நகர எல்லை தாண்டாதே, வேலை செய்யாதே,
இத்தாள் தங்கும் உரிமை ஆகாது என்று
அடியில் ஒரு வரி.
அடிவரியில்தான் ஆள் ஒளிந்திருப்பான்.

இங்கேயும் இருந்தான்.
தேய்மானம் அடங்காது.
ரப்பர், பட்டி, பிரேக் தட்டு அடங்காது.
ஒரு லட்சம் தாண்டினால் உதிரிப்பாகத்தில் அறுபது வீதம்.
ஒரு லட்சத்து இருபதாயிரம் தாண்டினால் நாற்பது.

“அப்ப இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் மிச்சம்,” என்றேன்.
“பாரிசில் இரண்டு கலியாணவீடு. முடிஞ்சுது.”
ரயில் வந்தது.
ஓஸ்டர்காம்புக்கு நல்ல காலம்.

“ஆனை வாங்கிறம், அங்குசத்துக்கு அழுறியோ?”
என்றார் இவர், தமிழில்.
“அங்குசம் நாற்பது வீதம்தான் குத்துமாம்,” என்றேன்.

அந்தக் காசைச் சீட்டில் போட்டால்?
கமலாம்பிகையக்காவின் சீட்டுக்குத் தாள் இல்லை,
முத்திரை இல்லை, பதினான்காம் பக்கம் இல்லை.
பன்னிரண்டு வருடமாய்ப் பிசகாமல் வருகிறது.
அதற்கு முந்திய சீட்டைப் பிடித்தவர்
ஒரு சனிக்கிழமை கனடாவுக்குப் போய்விட்டார்.
ஆகவே இதற்கும் நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

“நடுச்சாமம், நெடுஞ்சாலை, கார் நின்றால் யார் வருவது?”
மூன்றாம் தாளின் மூலையில் ஓர் எண்ணைக் காட்டினார்.
அங்கேயே அடித்தேன்.
ஓஸ்டர்காம்பின் புருவம் ஏறியது.
பியானோ வாசித்தார்கள். வரிசையில் ஏழாவது என்றார்கள்.
இரண்டு ரயில் போனது, ஒன்று திரும்பி வந்தது.
பிறகு ஒரு பெண்குரல், களைத்தது,
என் இரவுவேலைக் குரலின் சாயல்:
“எந்த இடத்தில் நின்றுபோனீர்கள்?”
“இன்னும் வாங்கவே இல்லை, அம்மணி.”
கொஞ்சநேரம் சத்தமில்லை.
“அப்படியென்றால்,” என்று தணிந்து சொன்னாள்,
“பற்றரியை மட்டும் புதிதாய்ப் போடச் சொல்லுங்கள்.”

புதுப் பற்றரி. பனிக்கால டயர் நாலு.
முன்னூறு யூரோ குறைத்து, முதலாம் தாளோடு
கையெழுத்து வைத்தேன்.
மூன்றாம் தாளை ஓஸ்டர்காம்ப்
வருத்தமில்லாமல் லாச்சிக்குள் வைத்தார்,
அடுத்த ஆள் வருமே.

வெளியே இவர், பொனெட்டில்
யாரும் காணாத ஒரு நீர்த்தடத்தைச்
சட்டைக்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.
நான் முன்பெட்டியைத் திறந்து
நொத்தாரிசின் மிட்டாயை வாயில் போட்டேன்.
கல்லுப்போல இருந்தது. இனிப்பும் இருந்தது.
திகதி பார்க்கவில்லை.